கேளுங்கள், சொல்கிறேன்

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மாலில் இரண்டு பிள்ளைகள் டேப்லெட்டை நீட்டி, சூடான் அகதிகளுக்காக மாதம் 500 ரூபாய் கேட்டார்கள். சர்வதேசத் தொண்டு நிறுவனமாம். நம்ம ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமை விட்டுவிட்டு சூடானுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?
– வாசகி, கே.கே.நகர், மதுரை

நின்ற இடத்தில் கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. வீட்டுக்கு வந்து, அந்த நிறுவனத்துக்கு இந்தியப் பதிவும், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி சான்றும் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வரி முறைக்கு மாறியிருந்தால் 80ஜி ரசீதால் உங்களுக்கு லாபமில்லை. ஆனாலும் கேட்டு வாங்குங்கள், கொடுக்கத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

சரி, ஆனையூரா சூடானா? அகதி உதவி என்றதும் நமக்குச் சோற்றுப் பொட்டலமும் போர்வையும்தான் ஞாபகம் வரும். திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாமில் எனக்குத் தெரிந்த பெயின்டர் ஒருவருக்கு வேண்டியிருந்தது ஒரு தாள். மகள் பிறந்தது மதுரை பெரிய ஆஸ்பத்திரியில். மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஆனால் இங்கே பிறந்ததால் மட்டும் அந்தப் பெண் இந்தியக் குடிமகள் இல்லை; சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியாதவரை இலங்கைக் குடிமகளும் இல்லை. அதற்கு அப்பா, அம்மாவின் இலங்கைச் சான்றிதழ்கள் வேண்டும். படகேறி வந்தவர் எதைக் காட்டுவார்? படிவம் நிரப்பி, ஊரிலிருந்து நகல் வரவழைத்து, கூடவே நின்று முடித்துக் கொடுத்தவர்கள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார். 1984-ல் ஈழத் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கியது. அங்கே வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் முகாம்வாசிகளே.

முகாம் மக்களுக்கான உதவியில் ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கும் பங்கு உண்டு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. இருந்தாலும் அந்த ஆணையம் சென்னையில் அலுவலகம் வைத்து, ஊர் திரும்ப நினைப்பவரை உட்காரவைத்து ‘நீங்களாகத்தான் போகிறீர்களா, யாராவது விரட்டுகிறார்களா?’ என்று விசாரித்து, விமான டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தது. எங்கோ ஒருவர் போட்ட காசு திருமங்கலம் வரை வந்திருக்கிறது. சூடானில் 2023 ஏப்ரலில் சண்டை தொடங்கியபின் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பெரும்பாலோர் எல்லை தாண்டவே இல்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். அங்கே போய்ச் சேர உங்களாலோ என்னாலோ முடியாது. அதற்குத்தான் பெரிய நிறுவனம். 500-ஐ இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முகாம்களுக்குப் பழைய துணி கொடுக்கலாமா?
– வாசகர், மேலூர்

வேண்டாம். கலெக்டர் அலுவலக அனுமதி இல்லாமல் மூட்டையோடு உள்ளே போகவும் முடியாது. திருவாதவூர் உங்களுக்குப் பக்கம்தானே? அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாருக்காவது பஸ் பாஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் ஆகுமா என்று விசாரியுங்கள். ஜூன் மாதமே விசாரியுங்கள். தீபாவளிக்குத் துணி கொடுக்க ஆள் இருக்கிறது.