சாமி யாருக்குச் சொந்தம்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குப் பதினெட்டு வருஷமாக மாதம் இரண்டு தடவை வந்து பூசை வைத்தவர் ஒரு சபைப் பாதர். போன மாதம் காலமாகிவிட்டார். உடலை ஒரு மணி நேரமாவது எங்கள் கோயிலில் வையுங்கள் என்று கேட்டோம், நடக்கவில்லை. தூரத்தில் சபையின் கல்லறையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஞாபகத்துக்கு அவருடைய செபமாலையைக் கேட்டதற்கு, அது சபைக்குரியது என்றார்கள். அப்படியானால் அவர் எங்களுக்கு ஒன்றும் இல்லையா? – வாசகி, நோர்வூட்

பதில்: அக்கா, உங்கள் கோபம் நியாயம்தான். ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. மற்றதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பலர் பாதர் என்றால் எல்லாரும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறைமாவட்டக் குரு ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, கீழே இருப்பவர். நோர்வூட், ஹட்டன், நுவரெலியா எல்லாம் கண்டி மறைமாவட்டம், பதுளை தனி. அந்தக் குருவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காசு இருக்கலாம், அப்பா வீட்டுக் காணியில் பங்கும் இருக்கலாம். துறவு சபையில் சேர்ந்த குருவின் கதை வேறு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்கு மூன்று வார்த்தைப்பாடு, அதாவது வாக்கு, கொடுக்கிறார். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்னாலேயே, நாட்டுச் சட்டப்படி செல்லுகிற ஓர் உயிலை எழுதிவிட வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. முப்பது வயதுகூட ஆகாத பையன் உட்கார்ந்து உயில் எழுதுவதை யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு உழைத்துச் சம்பாதிப்பதும், சபையை முன்னிட்டுக் கையில் கிடைப்பதும் சபைக்குத்தான். எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை. சபைத் தலைவர் பெயரைக் கொடுக்கிறார், ஆயர் ஒரு பங்குக் கோயிலுக்கு நியமிக்கிறார், இரண்டு பேரில் யார் வேண்டாம் என்றாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உங்கள் பாதர் பதினெட்டு வருஷம் இருந்தது பெரிய அதிசயம்.

பல வருஷத்துக்கு முன்பு இப்படி ஒரு பாதர் இறந்தபோது அவருடைய அறையை ஒதுக்க நானும் கூடப் போனேன். இரண்டு அங்கி, ஒரு டோர்ச், கம்பி வளைந்த குடை, கதவுக்குப் பின்னால் பழைய பேப்பர் திணித்துக் காயவைத்த சப்பாத்து. மேசையில் ஒரு பால்மா டின் இருந்தது, திறந்தால் உப்பு. மழைக்காலத்தில் மேல் டிவிசனுக்கு ஏறும்போது அட்டை கடிக்காமல் காலில் பூசுவதற்கு. நாற்காலியில் நீல நிற ஸ்வெட்டர், தோட்டத்து லய வீட்டில் யாரோ பின்னிக் கொடுத்தது, முழங்கையில் வேறு நிற நூலில் தைத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. எல்லாம் ஓர் உரப்பைக்குள் அடங்கிவிட்டது, பாதிப் பை காலி. அந்த ஸ்வெட்டரை யாருக்குக் கொடுப்பது என்று சபையிலிருந்து வந்திருந்த பாதருக்கே தெரியவில்லை, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கல்லறை விஷயத்தில் ஒன்று. வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குச் சபைதான் குடும்பம், அதனால் அவர்கள் தங்கள் ஆட்களை ஒரே இடத்தில் அடக்குகிறார்கள். பல சபைகளில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு, அவர் இறந்த தேதி வருஷாவருஷம் வரும்போது பெயரை வாசித்துச் செபிப்பார்கள். உங்கள் கோயிலில் நீங்களும் அதைச் செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். செபமாலைக்கு இன்னொரு தடவை சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். போனில் கேட்டால் ‘இல்லை’ என்பது சுலபம்.

கேள்வி: பாதர்மாரின் சவப்பெட்டியை மட்டும் கோயிலில் மாற்றி வைக்கிறார்களே, ஏன்? – வாசகர், தலவாக்கலை

பதில்: பழைய வழக்கம். நாம் உயிரோடு இருக்கும்போது பீடத்தைப் பார்த்து நிற்கிறோம், அதனால் நமக்குக் கால் பீடத்துப் பக்கம். பாதர் சனங்களைப் பார்த்து நிற்பவர், அதனால் தலை பீடத்துப் பக்கம்.

கேள்வி: தோட்டத்து மக்களுக்காக நின்ற பாதர் பால் காஸ்பர்ஸ் எந்தப் பங்கில் இருந்தார்? – வாசகர், கண்டி

பதில்: பங்குச் சாமியார் என்ற கணக்கில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். அவர் யேசு சபைக்காரர். 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ என்ற நிலையத்தைத் தொடங்கினார், சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வேலை செய்கிற இடமாக. அந்தக் காலத்தை நினைத்தால்தான் அதன் அருமை தெரியும். 1948 சட்டத்தால் மலையகத் தமிழரான நம் பிரஜாவுரிமை போய், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே வைப்பது என்று நம் தலைகளை எண்ணிப் பிரித்திருந்தார்கள். கொஞ்ச நாளில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. பஞ்சம் வேறு. எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்னும் சோற்றைக் கொட்ட விடமாட்டார்கள், எழுபத்துநாலைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அந்த நேரத்தில் ஒரு யேசு சபைக் குரு லயத்துச் சனத்தின் உரிமையைப் பற்றிப் பேசினார், எழுதினார், வயதான பிறகும் விடவில்லை. 2017இல் காலமானார். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: புனித யோசப் வாஸ் கண்டியில்தானே இறந்தார், கல்லறை எங்கே? போய்க் கும்பிட ஆசை. – வாசகி, மஸ்கெலியா

பதில்: கண்டியில்தான், 1711 ஜனவரி 16. ஆனால் அவரை அடக்கிய கோயில் இன்று இல்லை, கல்லறை இருந்த இடமும் தெரியாது.

கோவாக்காரர். அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சபைகள் கோவாக் குருக்களைச் சேர்த்துக்கொள்வதில்லை, அதனால் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சபையை அமைத்துக்கொண்டார்கள். அதில் வார்த்தைப்பாடு கிடையாது என்பதால் சட்டப்படி துறவி என்று சொல்ல முடியாது என்பார்கள், எனக்கு அது நூல் பிடித்துப் பார்க்கிற பேச்சு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைப் பிடித்த காலத்தில், 1687இல், கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணப் பக்கம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்கு வந்தால் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறை. 1697இல் பெரியம்மை. பணம் உள்ளவர்கள் ஊரைவிட்டுப் போக, இவர் நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்து, கழுவிவிட்டு, செத்தவர்களை அடக்கினார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

ஜனவரி 16 அவருடைய திருநாள். மஸ்கெலியாவிலிருந்து வருவதானால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், அந்த மாதம் காலைக் குளிர் தெரியும்தானே, பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.