வைத்தியரைக் கேளுங்கள்: கிளினிக் கொப்பியில் எழுதப்படாத நோ

கேள்வி: மதிப்புக்குரிய வைத்தியர் அவர்களுக்கு, 2009ஆம் ஆண்டு செல் (எறிகணை) துண்டு பட்ட எனது இடது காலில் இன்றும் நோ இருக்கிறது. பல வருடங்களாகக் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். அண்மையில் அங்கே ஒரு தாளைத் தந்து, நோவுக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடச் சொன்னார்கள். எல்லா நோயாளரின் விபரங்களையும் திரட்டிச் சிகிச்சையை மேம்படுத்தப் போவதாகவும் கூறினார்கள். என் நோவை இலக்கமாக்குவதால் யாருக்கு என்ன பயன்? அந்தத் தாள் யார் கைக்குப் போகுமோ என்ற பயமும் இருக்கிறது.
– வாசகி, விசுவமடு

பதில்: அன்பான சகோதரி, உங்கள் கேள்வியும் நியாயமானது, பயமும் நியாயமானது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் நோவையே நாட்பட்ட நோ என்கிறோம். அதற்கான மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளிற் பல 12 வாரங்களளவில் முடிந்துவிடுகின்றன. முதியவர்களும், சிறுநீரக நோயுள்ளவர்களும், வேறு பல மருந்துகள் எடுப்பவர்களும் அவற்றிற் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. நரம்பு நோவுக்குக் கொடுக்கப்படும் பிரிகபலின் குளிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் வெளிவந்த விரிவான மீளாய்வொன்றின் கணக்குப்படி, ஏறத்தாழ எட்டுப் பேர் அதை எடுத்தால், மருந்தில்லாத வெற்றுக் குளிசை தரும் பலனுக்கு மேலாக, ஒருவருக்கே நோ பாதியளவு குறைகிறது. அந்த ஒருவர் எப்படிப்பட்டவர், மற்ற ஏழு பேருக்கு எதைக் கொடுப்பது, ஐந்தாம் வருடத்தில் என்ன நடக்கிறது என்பவற்றைக் கிளினிக்குக்கு வந்துபோகும் உங்களைப் போன்றவர்களின் பதிவுகளிலிருந்துதான் அறிய முடியும். சுவீடனில் 1998 முதலும், அவுஸ்திரேலியாவில் 2013 முதலும் நோ சிகிச்சை நிலையங்கள் இப்படித்தான் ஒரே கேள்விகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டு, விடைகளை ஓரிடத்திற் சேர்த்து ஒப்பிட்டு வருகின்றன.

ஆனால் 0 முதல் 10 வரையான ஒற்றைப் புள்ளி போதாது என்பதே என் உறுதியான கருத்து. நம்முடைய சனங்கள் நோவைச் சொல்லும்போது உளைவு, குத்து, எரிவு, விறைப்பு என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள். எரிவும் விறைப்பும் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வும் சேர்ந்திருந்தால் அது நரம்பு நோவாக இருக்கக்கூடும். அதற்குரிய மருந்து வேறு. அந்தச் சொற்களைக் கேட்டும், கொப்பியில் ‘அதே மருந்தைத் தொடர்க’ என்று மட்டும் எழுதினால், மிகப் பெறுமதியான தரவு அந்த மேசையிலேயே தொலைந்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை மூன்று விடயங்களைச் சொல்லி எழுதுவியுங்கள்: கடந்த ஒரு வாரத்தில் நோ சராசரியாக எவ்வளவு இருந்தது, அது உங்கள் சந்தோசத்தை எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு தடுத்தது. மூன்றாவதை உங்கள் வாழ்க்கையிலிருந்தே சொல்லுங்கள்: கிணற்றில் எத்தனை வாளி தண்ணீர் அள்ள முடிந்தது, சைக்கிளில் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்று. நோப் புள்ளி 30 சதவீதமளவு குறைந்தாலே அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். 7 என்பது 5 ஆனதைச் சிறிதென்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

திரட்டிய தரவைப் படிப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கடும் நோ உள்ளவர்களுக்கே கடும் மருந்து கொடுக்கப்படுவதால், அந்த மருந்தை எடுப்பவர்கள் மற்றவர்களைவிட வருந்துவதாகவே பதிவு காட்டும். குற்றம் மருந்தினுடையதாக இராது. அதைவிட வன்னியில் எனக்குக் கவலை தருவது வெற்றிடங்கள்தான். காலபோக அறுவடை நாட்களில் கிளினிக்குக்கு வராத ஒருவர், சுகமானதால் வரவில்லையா, நோவோடு வயலில் நின்றதால் வரவில்லையா, பஸ்ஸுக்குக் காசில்லாமல் வரவில்லையா என்பதைத் தேடிக் கேட்காமல், வந்தவர்களை மட்டும் வைத்துச் சிகிச்சை வெற்றி என்று சொன்னால் அது பிழையான முடிவு.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். உடல்நலத் தகவலுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட இடம் கொடுக்கிறது. ஆயினும் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஒருவர் மறைந்துவிடுவதில்லை. ஊரும் வயதும் காயப்பட்ட ஆண்டும் காயம் பட்ட இடமும் சேர்ந்திருந்தால், ஒரு சிறிய கிராமத்தில் அது யாரென்று எவரும் சொல்லிவிடுவார்கள். தாளை யார் வைத்திருப்பார்கள், ஊர்ப் பெயர் நீக்கப்படுமா, காயம் எப்படி ஏற்பட்டது என்பது எழுதப்படுமா என்று நேரே கேளுங்கள். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் மறுப்பது உங்கள் உரிமை. மறுத்ததற்காக உங்கள் சிகிச்சை குறைக்கப்படக் கூடாது.

இன்னொன்று: எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் செல் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காந்தப் புலத்தில் உலோகத் துண்டு அசையக்கூடும்.

கேள்வி: என் தந்தைக்குச் சிறுநீரக நோய் உண்டு. முழங்கால் நோவுக்கு பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுகிறார். “எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை” என்கிறார். தொடரலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: தொடர வேண்டாம், தம்பி. அந்த வகைக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. பாதிப்பு வெளியே தெரியாமலே ஏறும். பரசிற்றமோலை எந்த அளவில் எடுக்கலாம், தொடைத் தசையைப் பலப்படுத்த என்ன பயிற்சி செய்யலாம் என்று அவருடைய கிளினிக்கிலேயே கேளுங்கள். ‘ஒன்றும் செய்யவில்லை’, அதாவது கெடுதி இல்லை என்பதை ஒருவர் தன் உடம்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதற்கு நெருங்கிய வகையைச் சேர்ந்த ரொபெகொக்சிப் என்ற நோக் குளிசை, மாரடைப்பு ஆபத்துக் காரணமாக 2004இல் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. அந்த ஆபத்தின் அளவை, அமெரிக்காவில் இத்தகைய குளிசைகளை எடுத்த ஏறத்தாழ 14 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளும் காட்டின. பாமசியில் வாங்கும் குளிசை கிளினிக் கொப்பியில் ஏறுவதில்லை. தந்தையார் அடுத்த முறை போகும்போது வெறும் குளிசை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டி, எத்தனை மாதமாக, நாளுக்கு எத்தனை என்று கொப்பியில் எழுதுவிக்கச் சொல்லுங்கள்.