வம்பா, வினையா?

கேள்வி: ‘ஆஸ்கிங் ஃபார் டிரபிள்’ என்னும் ஆங்கில மரபுத்தொடரை ‘வம்பை விலைக்கு வாங்குவது’ என்று எல்லா இடங்களிலும் தமிழில் எழுதலாமா? ‘லுக்கிங் ஃபார் டிரபிள்’ என்பதற்கும் இதே பொருள்தானா?

பதில்: பல இடங்களில் எழுதலாம், எல்லா இடங்களிலும் எழுத முடியாது. வம்பு என்றதும் நமக்கு மனிதருக்குள் மூளும் சச்சரவே நினைவுக்கு வருகிறது. குடிபோதையில் கூச்சலிடுபவரிடம் போய் நியாயம் பேசுவதை வம்பை விலைக்கு வாங்குவது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால், பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை மலைப்பாதையில் ஓட்டுவதையும், வங்கிக் கணக்கு முதல் விளையாட்டுச் செயலி வரை எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதையும் ஆங்கிலத்தில் இதே தொடரால் குறிப்பார்கள். அங்கே சண்டைக்கு ஆள் இல்லை. ஆகவே ‘ஆபத்தைத் தேடிக்கொள்வது’ என்றோ, இன்னும் அழுத்தமாக ‘வினையை விலைக்கு வாங்குவது’ என்றோ எழுதுவதுதான் இயல்பாக இருக்கும்.

கேடு வர வேண்டும் என்று எவரும் விரும்பிக் கேட்பதில்லை. செய்கிற காரியமே கேட்டுக்கு வழிவிடுகிறது என்று பார்ப்பவர் எச்சரிக்கும் தொடர் இது. அதனால்தான் பெரும்பாலும் ‘இங்’ ஈற்றோடு, நடந்துகொண்டிருக்கும் செயலைச் சுட்டி வருகிறது. ஆள் மட்டுமன்றி, அவர் செய்யும் செயலும் இதற்கு எழுவாயாக நிற்கலாம்.

இதற்கு நெருங்கிய ‘ஆஸ்க்ட் ஃபார் இட்’ என்பதை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும். தீங்கு நடந்து முடிந்த பிறகு, பட்டவரே அதை வரவழைத்துக்கொண்டார் என்று பழி சொல்லும் தொடர் அது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவரின் உடையையோ, அவர் வெளியே சென்ற நேரத்தையோ காட்டி இதைச் சொல்வது, குற்றம் செய்தவரைத் தப்பவிட்டுப் பாதிக்கப்பட்டவரைக் கூண்டில் ஏற்றும் கொடுமையாகும். ஆங்கிலத்தில் வழங்குகிறது என்பதற்காக அப்பழியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, எழுதுபவரின் சொந்தக் கருத்துப்போல் வைக்கக் கூடாது. பாத்திரமோ சாட்சியோ சொன்னதாக இருந்தால், அது அவருடைய கூற்று என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும்.

‘லுக்கிங் ஃபார் டிரபிள்’ வேறு வகை. ‘ஆஸ்கிங் ஃபார் டிரபிள்’ என்பதில் இருப்பது கவனக்குறைவு அல்லது அசட்டுத் துணிச்சல். இதில் இருப்பது நோக்கம். யாரோடு மோதலாம் என்று திரிபவரைத்தான் பெரும்பாலும் இது குறிக்கிறது. அவரை ‘வம்புக்கு அலைகிறவர்’ என்று தமிழில் எழுதினால் பொருள் சற்றும் குறையாது.