கத்தாத கொலைகாரன்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் டர்பனில் ஓர் உள்ளூர்க் குழு ‘ஸ்வீனி டாட்’ இசை நாடகத்தை மேடையேற்றியது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு நாவிதன். அவன் மனைவி மீது ஆசைப்பட்ட நீதிபதி, அவன்மேல் பொய்க்குற்றம் சாட்டி நாடு கடத்துகிறான். பதினைந்து ஆண்டு கழித்து ஸ்வீனி டாட் என்ற பெயரில் திரும்பும் நாவிதன், சவரக்கத்தியால் பழிதீர்க்கப் புறப்பட்டு, கடைசியில் நாற்காலியில் உட்காருகிறவர்களின் கழுத்தையெல்லாம் அறுக்கிறான். கீழே கடை வைத்திருக்கும் மிசஸ் லவெட் அந்த உடல்களை அரைத்து ‘பை’ என்ற இறைச்சிப் பலகாரமாகச் சுட்டு விற்கிறாள். இசையும் பாடல்களும் ஸ்டீஃபன் சாண்ட்ஹைம். முதல் மேடையேற்றம் நியூயார்க்கில், 1979 மார்ச் 1 அன்று.

“குடும்பத்தோடு மினிபஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். திரும்பும் வழியெல்லாம் சண்டை. ‘கதாநாயகனுக்குக் குரலே எழும்பவில்லை, கொலைகாரன் இப்படியா முணுமுணுப்பான்?’ என்கிறார் என் கணவர். மகளோ அழுதுகொண்டே எழுந்து நின்று கைதட்டினாள். மைத்துனர் குடும்பம் இடைவேளையிலேயே வெளியேறிவிட்டது. யார் சொல்வது சரி?” — வாசகி, மெரிபேங்க்

நானும் பார்த்தேன். உங்கள் மகள் பக்கம்தான் நான்.

இரண்டாம் பாகத்தில், பிரிந்துபோன மகள் ஜொஹானாவை நினைத்து அவன் பாடுகிற இடத்தைக் கணவருக்கு நினைவூட்டுங்கள். நாடகத்தின் மிக மென்மையான மெட்டுகளில் ஒன்று அது. அதைப் பாடிக்கொண்டேதான் ஒருவர் பின் ஒருவராக அறுக்கிறான். ஸ்வீனியாக நடித்த இளைஞர் ஒவ்வொருவருக்கும் துண்டை உதறிக் கழுத்தில் கட்டினார். வேலை முடிந்ததும் கத்தியை அதே துண்டில் இரண்டு பக்கமும் துடைத்தார். துண்டை நான்காக மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டார். உடல் சரிந்து கீழே போனது, அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். இவ்வளவுக்கும் குரல் இம்மியும் உயரவில்லை. தாலாட்டுகிற குரலாகவே இருந்தது. என் பக்கத்து இருக்கை அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கோபம் தீர்ந்துபோய், கொலை வெறும் தொழிலாகிவிட்ட மனிதன் அவன். அந்த இடத்தில் கத்தினால் பாட்டே செத்துவிடும்.

ஒரே ஒரு பாட்டில் உங்கள் கணவர் சொல்வதை ஏற்கிறேன். முதல் பாகத்தின் பிற்பகுதியில், நீதிபதி கத்திக்குக் கீழே வந்து உட்கார்ந்தும் தப்பிவிடுகிறான். அப்போது ஸ்வீனியின் பழி உலகத்தின் மீதே திரும்புகிறது. பார்வையாளர்களை நோக்கிக் கத்தியை நீட்டுகிறான். ‘எபிஃபனி’ என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். ஒரு கணம் வெறி, மறுகணம் மனைவிக்காக ஒப்பாரி, உடனே மறுபடி வெறி. தாளமும் அவனோடு சேர்ந்து உடைகிறது. அந்த இளைஞர் ஒப்பாரியில் என்னை அழவைத்தார். வெறியை மட்டும் கச்சேரி மேடையில் பாடுவதுபோல அட்சரசுத்தமாகப் பாடிவிட்டார். அங்கே குரல் கிழிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கிழிந்தது போலப் பாடவும் பயிற்சி உண்டு, தொண்டையைக் காத்துக்கொண்டே அதைச் செய்ய முடியும். அவருக்கு வயது இருக்கிறது, கற்றுக்கொள்வார்.

இந்தச் சண்டை உங்கள் மினிபஸ்ஸில் தொடங்கியதும் அல்ல. 2023இல் நியூயார்க்கின் பிராட்வேயில் பாடகர் ஜோஷ் குரோபன் இந்த வேடத்தை ஏற்றபோதும் இதே பேச்சுதான்: குரல் அமிர்தம், ஆனால் அச்சம் போதவில்லை என்று ஒரு சாரார், அந்த இனிமைதான் அச்சம் என்று மறு சாரார். பிரின் டெர்ஃபெல் போன்ற ஓபரா பாடகரும் பாடியிருக்கிறார், 2007இல் வந்த திரைப்படத்தில் ஜானி டெப்பும் பாடியிருக்கிறார். இரண்டு குரலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நாடகத்துக்கே இந்தக் கதிதான். நியூயார்க்கில் 557 காட்சிகள் ஓடியது, 1980இல் லண்டனில் 157 காட்சிகளோடு நின்றது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா காலத்திலிருந்து பாட்டு நாடகம் என்றால் குரலைக் கேட்கப் போவதுதான் நம் வழக்கம். உச்சஸ்தாயியைத் தொட்டால் கைதட்டல், ‘ஒன்ஸ்மோர்’, மறுபடி அதே பாட்டு. சாண்ட்ஹைம் அதற்கு இடமே கொடுப்பதில்லை. பாட்டு முடிந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் கதை அடுத்த அடி வைத்துவிடுகிறது. கைதட்டக் காத்திருந்து ஏமாந்தவர்கள் அந்த மனக்குறையை நடிகர் தலையில் போடுவது நியாயமில்லை.

மைத்துனர் குடும்பத்தைக் கடிந்துகொள்ளாதீர்கள். இரத்தம் பிடிக்காதவர்கள் இடைவேளையில் எழுந்துபோவது, பாட்டின் நடுவே கைபேசியைத் திறந்துவைத்துக்கொள்வதைவிட எவ்வளவோ மரியாதை.

“கொலைகாரனை நாயகனாக்கி நம் பிள்ளைகளை நடிக்கவைப்பது தர்மமா என்று என் தாயார் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?” — வாசகர், டொங்காட்

உங்கள் தாயாரிடம், அவர் சிறுமியாக இருந்தபோது தோட்டக் குடியிருப்பில் விடிய விடியப் பார்த்த கூத்து எது என்று கேளுங்கள். கரும்பு வெட்ட வந்த நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த தெருக்கூத்தைத்தான் இங்கே தென்னாப்பிரிக்காவில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்கிறார்கள். துச்சாதனன் குருதியைப் பூசிய பிறகே கூந்தல் முடிவேன் என்று சபதம் செய்த திரௌபதிக்கு இந்த நாட்டில் கோயில் கட்டி, தீ மிதிக்கிறோம். பழியும் இரத்தமும் நம் மேடைக்குப் புதியவை அல்ல.

பார்த்து நடுங்குவதும் புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பயங்கர வேடம் கட்டியபோது, கண்டு அஞ்சிய பெண் ஒருத்தி உயிரைவிட்டாள் என்றும், அதன்பின் அவர் நடிப்பதையே விட்டு எழுதுவதில் இறங்கினார் என்றும் சொல்வார்கள்.

இந்த நாட்டின் புகழ்பெற்ற இசை நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் ஜோஹன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் அரங்கேறிய ‘கிங் காங்’. இசை டாட் மட்ஷிகிசா. நாயகன் எசெக்கியேல் டிலாமினி என்ற நிஜக் குத்துச்சண்டை வீரன். காதலியைக் கொன்றவன், நீதிமன்றத்தில் தனக்கு மரண தண்டனை கொடுக்கும்படி கேட்டவன், சிறைவாசத்தின்போது நீரில் மூழ்கி இறந்தவன். நேதன் ம்ட்லெட்லே அந்த வேடத்தைப் பாடினார், உடன் மிரியம் மகேபா. நிறம் பார்த்து மக்களைப் பிரித்த காலத்தில், பல்கலைக்கழக மண்டபம் என்பதால் எல்லா நிறத்தாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். அவன் கொன்றதை அவர்கள் யாரும் கொண்டாடவில்லை. அவனை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்று பார்த்தார்கள்.

ஸ்வீனிக்கும் நாடகம் மன்னிப்பு வழங்குவதில்லை. தெருவில் அலையும் பிச்சைக்காரி ஒருத்தியை அவசரத்தில் அறுத்துத் தள்ளுகிறான். அவள்தான் இறந்துவிட்டதாக அவன் நம்பியிருந்த மனைவி. விளக்கு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. அவன் கழுத்தையும் அவன் கத்தியே முடிக்கிறது. இதைவிடக் கண்டிப்பான தர்மத்தை உங்கள் தாயார் கேட்கமாட்டார்கள்.

“நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு வரிகளைப் பாடுகிறார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. இது குழுவின் குறையா?” — வாசகர், ஃபீனிக்ஸ்

ஓரளவு. அன்று வாத்தியங்களின் ஒலி பாடகர்களை மூடிவிட்டது, அதைக் குழு சரிசெய்ய வேண்டும். ஆனால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது ஆசிரியர் எழுதிவைத்தது. எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காமல் ஒருவரை மட்டும் தொடருங்கள். போகும் முன் கதையைப் படித்துவிடுங்கள்.

“பதினொரு வயது மகனை அழைத்துப் போகலாமா?” — வாசகி, வெருலம்

வேண்டாம். இரத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீதிபதி தான் வளர்க்கும் பெண்ணையே மணக்க நினைப்பதும், பிச்சைக்காரிக்கு முன்பு நேர்ந்த கொடுமையும் அந்த வயதில் கேள்விகளாக வரும். பதினைந்து வயதில் அழைத்துப் போங்கள், உடன் உட்கார்ந்து பேசுங்கள்.

“டிக்கெட் கிடைக்கவில்லை. வீட்டில் கேட்க எது நல்லது?” — வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

லென் கரியூவும் ஏஞ்சலா லான்ஸ்பரியும் பாடிய 1979 ஒலிப்பதிவிலிருந்து தொடங்குங்கள். கண்ணாலும் பார்க்க வேண்டுமானால், ஜார்ஜ் ஹெர்ன் ஸ்வீனியாக நடித்த 1982 மேடைக் காட்சியின் படப்பதிவு இருக்கிறது. அதில் ‘எபிஃபனி’யைக் கேட்டால், மேலே குரல் கிழிய வேண்டும் என்று நான் சொன்னது விளங்கும். மெரிபேங்க் வாசகியின் கணவரும் அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதட்டும். மாறுபட்டாலும் பிரசுரிக்கிறேன்.