கேட் சென்சார் விளக்கு: ஆள் இல்லாமல் எரிவதும், ஆள் வந்தும் எரியாததும்

வணக்கம். உங்கள் கேட் சென்சார் விளக்கு நள்ளிரவில் ஆளே இல்லாமல் எரிகிறது, ஆனால் கேட்டிலிருந்து நேராக நடந்து வந்தால் படிக்கட்டு வரை எரிவதில்லை, அருகில் ஏசியின் வெளி யூனிட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் அது பார்க்கும் திசைதான் பிரச்சினை.

சூடான ஒன்று தன் பார்வைக்குக் குறுக்கே நகரும்போதுதான் இந்த சென்சார் நன்றாக உணரும். எதிரே நேராக வருபவரைத் தாமதமாகவே பிடிக்கும். அதனால் நடைபாதைக்குக் குறுக்கே பார்க்கும்படி பக்கச் சுவரில் இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறுங்கள்.

தானாக எரிவதற்கு, நீங்கள் சொன்ன ஏசி வெளி யூனிட்டின் சூடான காற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சென்சாரின் முன்னால் உள்ள லென்ஸில் அந்தப் பக்கத்தை மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மறைத்துப் பாருங்கள்.

அப்புறம் சோதனை. நேரத் திருகை (எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது) குறைந்தபட்சத்திலும், வெளிச்சத் திருகை (எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்பது) பகலிலும் எரியும்படி சூரியப் படத்திலும், உணர்திறன் திருகை நடுவிலும் வையுங்கள். மின்சாரம் கொடுத்ததும் ஓரிரு நிமிடம் காத்திருங்கள், சென்சார் நிலைப்பட வேண்டும். விளக்கு அணைந்த பிறகு குறுக்கே நடந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது அணையும் வரை சென்சாரின் பார்வை எல்லைக்கு வெளியே நில்லுங்கள். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம்: காற்றின் வெப்பம் 37 டிகிரியை நெருங்கினால் உடல் சூடு தனித்துத் தெரியாது, சென்சார் உணரும் தூரம் குறையும். வெளிச்சத் திருகை அந்தி மங்கும்போது சரிசெய்யுங்கள்.

டேப் ஒட்டியும் தானாக எரிந்தால், எதிரே ஆடும் கிளை ஏதும் உண்டா என்று எழுதுங்கள்.