ஏறிய உடனே என்ஜின் நின்றால்: கேள்வி பதில்

சிறிய விமானம் தரையை விட்டு எழும்பிய ஒரு நிமிடத்துக்குள் என்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும், விமானி என்ன செய்ய வேண்டும் என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். ஒற்றை என்ஜின் பயிற்சி விமானங்களில் பல வருடம் கற்றுக்கொடுத்தவன் நான். கீழே வேறு விமானம் என்று சொல்லாத இடங்களில் எண்கள் செஸ்னா 172எஸ் விமானத்துக்கானவை. நீங்கள் வேறு விமானம் ஓட்டினால் அதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சார், என்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாதா?

விழாது. 172 ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரை கடல் மைல் தூரம் சறுக்கிப் போகும், அதாவது இரண்டே முக்கால் கிலோமீட்டர். காற்றே விசிறியைச் சுற்றிக்கொண்டிருப்பதால் பல நேரம் முழு நிசப்தம்கூட இருக்காது.

சிக்கல் ஏறும்போதுதான். சைக்கிளில் மேடு ஏறும்போது மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் வேகம் போகிறது! அதே கதைதான். மூக்கைத் தூக்கிக்கொண்டு 74 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஏறும் விமானத்தில் என்ஜின் நின்றால் மூன்று நான்கு வினாடியில் வேகம் சரிந்துவிடும். 48 நாட்டுக்குப் பக்கத்தில் வந்தால் ஸ்டால், அதாவது இறக்கையைத் தாங்கும் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை குலைந்துபோகும். அதனால் முதல் வேலை மூக்கை இறக்குவது. காரணம் தேடுவது, ரேடியோவில் பேசுவது எல்லாம் அப்புறம்.

சொல்வது எளிது. உயரத்தில், பாதுகாப்பான இடத்தில், நான் சொல்லாமல் த்ராட்டிலை, அதாவது என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, இழுத்துச் சக்தியைக் குறைத்துவிடுவேன். முதல் தடவை பெரும்பாலான மாணவர்கள் கன்ட்ரோலைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். தரை நெருங்குகிறது என்றால் மேலே போகத்தான் கை துடிக்கும். அந்தக் கையைத் திருத்துவதற்கே பல மணி நேரப் பயிற்சி போகும்.

கேள்வி: ஓடுபாதை பின்னாலேயேதானே இருக்கிறது? திரும்பி வந்து இறங்கினால் என்ன? (பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள்)

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். திரும்ப முயன்று இறந்தவர்களில் நல்ல விமானிகளும் நிறைய உண்டு.

முதலில், 180 டிகிரி திரும்பினால் போதாது. திரும்பி முடிக்கும்போது நீங்கள் ஓடுபாதைக்கு இணையாக, பக்கத்தில் தள்ளி நிற்பீர்கள். 68 நாட் வேகத்தில் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 125 மீட்டர், ஆக 250 மீட்டர் தள்ளி இருப்பீர்கள். 30 டிகிரி மட்டும் சாய்த்தால் அது 430 மீட்டர். அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு 40 டிகிரி திரும்பிப் போய், மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பி நேராக்க வேண்டும். எல்லாமே என்ஜின் இல்லாமல், இறங்கிக்கொண்டே.

இரண்டாவது, சாய்க்கச் சாய்க்க ஸ்டால் வேகம் ஏறும். நேராகப் பறக்கும்போது 48 நாட். 45 டிகிரி சாய்வில் 57. 60 டிகிரி சாய்வில் 68. இந்த 68 என்ற எண்ணைக் கவனியுங்கள், நீங்கள் சறுக்கிக்கொண்டிருக்கும் வேகமும் அதேதான்! ஓடுபாதை நழுவிப் போகிறதே என்று பதறி இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அந்த இடத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். பதற்றத்தில் மூக்கைச் சீக்கிரம் திருப்ப வாலிலுள்ள ரடர் தகட்டின் மிதியையும் சேர்த்து மிதித்தால் அது ஸ்பின்னாக மாறும், அதாவது விமானம் சுழன்றுகொண்டே விழும். 300 அடியில் ஸ்பின்னிலிருந்து மீள யாருக்கும் உயரம் போதாது.

மூன்றாவது காற்று. காற்றை எதிர்த்துத்தான் கிளம்பியிருப்பீர்கள், திரும்பினால் அது முதுகுப் பக்கம். 60 நாட் வேகத்தில், 10 நாட் காற்றில் தரை தொடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராக இறங்கினால் தரையைப் பொறுத்து 50 நாட், திரும்பி இறங்கினால் 70. மோதினால் உடல் தாங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், 'என்ன ஆச்சு?' என்று திகைத்து நிற்கும் சில வினாடிகள் வேறு. விமானிகள் இதற்கு 'இம்பாசிபிள் டர்ன்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. செஸ்னா கையேடும் நேராக முன்னால் இறங்கு, தடைகளைத் தவிர்க்க மட்டும் லேசாகத் திருப்பு என்றுதான் சொல்கிறது.

கேள்வி: அப்படியானால் 1,000 அடியிலும் திரும்பக் கூடாதா அண்ணா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஓர் உயரத்துக்கு மேல் திரும்பலாம், சில நேரம் அதுவே நல்ல வழி. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் எப்போது, எப்படித் திரும்பலாம் என்று பயிற்றுநர்கள் சொல்லித்தர வேண்டும் என்கிறது. ஆனால் உங்கள் எண் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்றுநரோடு 3,000 அடிக்கு மேல் போய் ஏறும் நிலையில் த்ராட்டிலை இழுங்கள். நான்கு வினாடி சும்மா இருங்கள், அந்தத் திகைப்புக்காக. பிறகு திரும்பி, நேராக்கி, எத்தனை அடி இழந்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதோடு பாதியைக் கூட்டுங்கள். வெயில் நாளில், நான்கு பேரோடு, அந்த எண் இன்னும் ஏறும். அந்த உயரம் வரும்வரை பின்னால் ஓடுபாதை இருப்பதையே மறந்துவிடுங்கள்.

கேள்வி: நடிகர் ஹாரிசன் ஃபோர்டுக்கு நடந்தது இதுதானே? அவர் எப்படிப் பிழைத்தார்?

ஆமாம். 2015 மார்ச் 5, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா. 1942இல் கட்டிய ரையன் பயிற்சி விமானம், திறந்த காக்பிட். கிளம்பிய சிறிது நேரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடியில் என்ஜின் சக்தி இழந்தது. திரும்பி வருகிறேன் என்று கட்டுப்பாட்டு கோபுரத்திடம் சொன்னார், ஆனால் ஓடுபாதை எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்துக்கு மாறிக்கொண்டார். ஒரு மரத்தின் உச்சியில் உரசி விழுந்தது விமானம். பலத்த காயம், ஆனால் உயிர் தப்பியது. எட்டாத ஓடுபாதையை விட்டுக்கொடுத்த அந்த முடிவு பெரிய முடிவு.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ட காரணம், கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் முக்கியமான ஜெட் என்ற பாகம் அது பொருந்தியிருந்த இடத்திலிருந்து திருகு கழன்றுவிட்டது என்பது. விரல் நுனியளவு பாகம்! அது கழன்றதும் எரிபொருள் அதிகமாகப் பாய்ந்து என்ஜின் திணறிவிட்டது. அந்த ஜெட்டைச் சோதிக்கும்படி பராமரிப்புக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. தோள்பட்டை வாரைச் சரியாகப் பொருத்தாததும் காயத்தை மோசமாக்கியது என்று அறிக்கை சொல்கிறது. பழைய விமானம் வைத்திருப்பவர்கள் வார் எதில் மாட்டியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: என்ஜின் நிற்க பொதுவாக என்ன காரணம்? கிளம்பும் முன்பே பிடிக்க முடியாதா?

நிறையப் பிடிக்கலாம். எரிபொருளில் தண்ணீர் ஒன்று. 100எல்எல் பெட்ரோல் நீல நிறம், தண்ணீரைவிட லேசானது. தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் தண்ணீர் அடியில் நிறமில்லாத குமிழாக உருண்டுகொண்டு நிற்கும். 172எஸ் விமானத்தில் அப்படி இறக்கிப் பார்க்க 13 இடங்கள் உண்டு. பதின்மூன்றையும் பாருங்கள். குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்தால் இரண்டையும் பிரிக்கும் கோடு தெரியாது, 'சுத்தமாக இருக்கிறது' என்று ஏமாந்துபோவோம். அதனால் வானத்துக்கு நேரே பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

எரிபொருள் வால்வு மூடியிருப்பது இன்னொன்று. மூடியிருந்தாலும் குழாயிலும் கார்புரேட்டரிலும் மிச்சமிருப்பதே டாக்சி செய்து, அதாவது தரையில் ஓட்டிப் போய், மேலே ஏறும்வரை காட்டிக்கொடுக்காமல் ஓட்டிவிடலாம். கார்புரேட்டர் உள்ள விமானங்களில் உள்ளே பனி படிவதும் உண்டு. வெயில் ஊரில் பனியா என்று நினைக்காதீர்கள். எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கு மேலும் குறையலாம், ஈரக்காற்று இருந்தால் போதும். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னட்டோக்களின் சோதனையை அவசரமாக முடிக்காதீர்கள். நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஒவ்வொன்றாக அணைக்கும்போது 150க்கு மேல் குறைந்தாலோ, இரண்டுக்கும் 50க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ திரும்பிப் போங்கள்.

கேள்வி: முழுசாக நிற்காமல், சக்தி குறைந்து இழுத்துக்கொண்டே ஓடினால்? அது பரவாயில்லைதானே?

அதுதான் மோசம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரையிலான ஒற்றை என்ஜின் சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தது. கிளம்பிய பின் சக்தி ஓரளவு மட்டும் குறைந்தவை 242, அதில் 9 உயிரிழப்பில் முடிந்தன. முழுசாக நின்றவை 75, அதில் ஒன்றில்கூட உயிர் போகவில்லை. முதல் தடவை படித்தபோது மேலும் கீழும் இரண்டு முறை பார்த்தேன்.

யோசித்தால் புரியும். முழுசாக நின்றால் வேறு வழியில்லை, இறங்குகிறோம். பாதி ஓடினால் நப்பாசை. 'ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்' என்று மனம் சொல்லும், வேகம் மெதுவாகக் கரையும், தாழ்வான திருப்பத்தில் மீதமும் போய்விடும். கீழே நல்ல இடம் தெரியும்போதே, சக்தி மிச்சம் இருக்கும்போதே, இறங்க முடிவெடுங்கள்.

கேள்வி: முன்னால் முழுக்க வீடுகள் என்றால் எங்கே இறங்குவது?

விமானம் போகட்டும், ஆட்கள் பிழைக்க வேண்டும். இப்படி நினைத்தால் இடம் கிடைக்கும். மைதானம், வயல், வாகன நிறுத்தம், எதுவானாலும் சரி. சாலை நன்றாகத்தான் தெரியும், ஆனால் மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரங்கள்தான் இருக்கின்றன என்றால் இரண்டு மரத்துக்கு நடுவே போங்கள், இறக்கைகள் அடியை வாங்கட்டும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும், சுமார் 3 மீட்டர் தூரத்துக்குள் சீராக நின்றால் உடலுக்கு வருவது 9ஜி, அதாவது உடல் எடையைப்போல ஒன்பது மடங்கு விசை. வார் இறுகக் கட்டியவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். விமானத்தைக் கட்டுக்குள் வைத்து, மெதுவாக, மட்டமாகத் தரையில் சேர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: நான் பயணியாக உட்கார்ந்திருந்தால் என்ன செய்யலாம்?

வாரை இறுக்குங்கள். கண்ணாடி, சட்டைப்பை பேனா எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விமானி சொன்னதும் கதவின் தாழை விடுவியுங்கள், மோதலில் கதவுச் சட்டம் நெளிந்தால் பிறகு திறக்காது. அவரிடம் கேள்வி கேட்காதீர்கள்.

கேள்வி: இரண்டு என்ஜின் விமானம், பாராசூட் உள்ள விமானம் வாங்கினால் கவலை இல்லையே?

சிறிய இரட்டை என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றால் ஏறும் திறனில் பெரும்பகுதி போய்விடும், ஒரு பக்கமாக வேறு இழுக்கும். பயிற்சி இல்லாதவருக்கு ஒற்றை என்ஜினைவிட ஆபத்து. சிரஸ் நிறுவன விமானங்களில் மொத்த விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அவர்களின் புதிய எஸ்ஆர்22 விமானத்தில் அதற்குச் சுமார் 600 அடி வேண்டும். அதற்குக் கீழே உங்கள் கைதான்.

கேள்வி: அகமதாபாத் விபத்தும் இதே வகையா ஐயா?

2025 ஜூன் 12 ஏர் இந்தியா விமானம் பெரிய ஜெட், இரண்டு என்ஜின். இரண்டின் எரிபொருள் சுவிட்சுகளும் சுமார் ஒரு வினாடி இடைவெளியில் அணைந்த நிலைக்குப் போனதாக முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. இந்தப் பக்கத்தில் பேசும் கோளாறுகளோடு அதைச் சேர்க்க முடியாது. ஒற்றுமை ஒன்றுதான், உயரமும் இல்லை, நேரமும் இல்லை. 260 குடும்பங்களின் துக்கம் அது, அதற்கு மேல் ஊகம் எழுத எனக்கு மனமில்லை.

கேள்வி: எல்லாம் படித்திருக்கிறேன் சார், தனியாகப் பறக்கும் நாளில் உறைந்துபோவேனோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கு நடந்திருக்கிறதா?

ஒரு முறை, தம்பி. 152 விமானம், மாணவர் ஓட்டுகிறார், 200 அடி. திடீரென்று மொத்த விமானமும் உதறியது, பல் கிட்டும் அளவுக்கு. சுற்று சரசரவென்று இறங்கியது. நான்கு சிலிண்டரில் ஒன்றின் வால்வு சிக்கிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது, அதன் தள்ளுகோல் வளைந்திருந்தது.

கிளம்பும் முன் அந்த மாணவர் வழக்கம்போல வாய்விட்டுச் சொன்னார்: "ஓடும்போது கோளாறு என்றால் த்ராட்டிலை மூடி நிற்பேன். எழும்பிய பின் ஓடுபாதை மிச்சம் இருந்தால் அதிலேயே இறங்குவேன். இல்லையென்றால் மூக்கை இறக்கி 60 நாட், இடது பக்க வயல். 700 அடிக்குக் கீழே திரும்ப மாட்டேன்." அன்று காற்று இடப்பக்கத்திலிருந்து. எந்தப் பக்க வயல் என்றுகூட முன்பே பார்த்து வைத்திருந்தோம். நடு வழியிலிருந்து கிளம்பச் சொல்லி கோபுரம் அனுமதி தந்தும் முழு நீளத்துக்கும் டாக்சி செய்து போயிருந்தோம், ஐந்து நிமிடம் கூடுதல்.

உதறல் வந்ததும் நான் கன்ட்ரோலைத் தொடும் முன்பே மூக்கு இறங்கிவிட்டது. அவர்தான் இறக்கினார். த்ராட்டிலை மூடி, இறக்கையின் ஃபிளாப் தகடுகளை இறக்கி, மிச்சமிருந்த ஓடுபாதையில் தொட்டோம். பிரேக் பிடித்து நின்றபோது மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் இன்னும் ஓடுபாதை இருந்தது. அப்போதுதான் கோபுரத்தைக் கூப்பிட்டோம்.