குதிரையின் எடையும் குடற்புழு மருந்தின் அளவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்திலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை, எந்த மருந்து நல்லது என்றே தொடங்குகின்றன. குதிரையின் எடை என்ன என்று நான் திருப்பிக் கேட்டால், ‘முன்னூறு இருக்கும்’ என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. ஆகவே இம்முறை எடையைப் பற்றிய கேள்விகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தையல்காரர் நாடாவால் குதிரையின் மார்பை அளக்க முயன்றேன்; நாடா போதவில்லை. அளவெடுத்து எடை காணும் முறையை விளக்க வேண்டும். (கொழிஞ்சாம்பாறை)

தையல் நாடா 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். நடுத்தர வளர்ச்சியுள்ள கத்தியவாரிக் குதிரையின் மார்புச் சுற்றளவோ அதைத் தாண்டிவிடும். நீளாத பிளாஸ்டிக் கயிறு ஒன்றைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் மையால் அடையாளமிட்டு, பிறகு அதைக் கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு நாடாவின் மேல் வைத்து அளந்துகொள்ளலாம். நம் தோப்புகளில் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது தேங்காய்நார்க் கயிறுதான் என்றாலும், இழுத்த இழுப்புக்கு அது நீண்டு கொடுப்பதால் இந்த வேலைக்கு ஆகாது.

குதிரையைச் சமதரையில் நான்கு கால்களும் நேராக ஊன்றும்படி நிறுத்துங்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குச் சற்றுப் பின்னாலிருந்து இறங்கி, முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள முழங்கை எலும்பை ஒட்டிய பின்புறமாக மார்பைச் சுற்றி வரும் அளவே மார்புச் சுற்றளவு. குதிரை மூச்சை வெளியே விட்ட நிலையில், கயிறு தோலோடு படிந்திருக்க வேண்டும், அழுந்தக் கூடாது. அடுத்தது உடல் நீளம். மார்பின் முன்பக்கத்தில் துருத்தி நிற்கும் தோள்முனையிலிருந்து, பிட்டத்தின் பின்முனையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு வரை, விலாவின் மேல் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் எடை ஏறத்தாழ 323 கிலோ.

இந்தக் கணக்கில் சுற்றளவு இருமுறை பெருக்கப்படுவதால், பிழையும் அங்கேதான் பெருகுகிறது. இதே குதிரையில் நீளத்தை 4 சென்டிமீட்டர் கூட்டி அளந்துவிட்டால் எடை 9 கிலோ ஏறும். சுற்றளவை அதே 4 சென்டிமீட்டர் கூட்டி அளந்தால் ஏறக்குறைய 16 கிலோ ஏறிவிடும். எனவே நீளத்தை ஒரு முறை அளந்தாலும், சுற்றளவை மூன்று முறை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கினேன். விற்றவர் 400 கிலோ என்றார். எனக்கு 250 கிலோதான் என்று தோன்றியதால் அந்த அளவுக்கே மருந்து கொடுத்தேன். கொஞ்சம் குறைந்தால் தவறில்லைதானே? (கோபாலபுரம்)

விற்பவர் கூட்டிச் சொல்வதும் வாங்குபவர் குறைத்துச் சொல்வதும் சந்தை வழக்கம். புழுவுக்கு அந்த வழக்கம் தெரியாது. கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் உண்மையான எடைக்குக் குறைவாகவே சொல்கிறார்கள் என்பது மருத்துவர்கள் பலமுறை பார்த்த உண்மை. நான் பணியில் சேர்ந்த புதிதில், பார்வையாலேயே எடை சொல்லும் பழக்கத்தை ஒரு திறமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கயிறு போட்டு அளக்கத் தொடங்கிய பிறகுதான் எத்தனை குதிரைகளுக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறேன் என்பது விளங்கியது.

உங்கள் குதிரை உண்மையில் 320 கிலோ இருந்தால், அது பெற்றது தேவையான அளவில் முக்கால் பங்குக்குச் சற்றே கூடுதல்தான். அந்த அளவு வலுவற்ற புழுக்களைக் கொன்று, மருந்தை ஓரளவு தாங்கும் புழுக்களை விட்டுவைக்கிறது. மிஞ்சியவை இடும் முட்டைகள் இலத்தியோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, அடுத்த தலைமுறைப் புழுக்களாகக் குதிரைக்குள்ளேயே திரும்பி வருகின்றன. சில ஆண்டுகள் இப்படியே நடந்தால், சரியான அளவில் கொடுத்தாலும் அந்த மருந்து அந்தத் தொழுவத்தில் வேலை செய்யாது. குதிரைகளின் குடலில் வாழும் சிறுவகை ஸ்ட்ராங்கைல் புழுக்கள் ஃபென்பெண்டசோல் என்ற மருந்துக்கும், குட்டிகளின் உருண்டைப்புழுக்கள் ஐவர்மெக்டின் என்ற மருந்துக்கும் பல நாடுகளில் இவ்வாறு பழகிவிட்டன.

ஐவர்மெக்டின் அளவு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், 323 கிலோக் குதிரைக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம். வளர்ந்த, நலமான குதிரைக்கு இம்மருந்தில் சிறிது கூடுவதால் கெடுதல் இல்லை என்பதால், மருந்தைப் பசையாக அடைத்து விற்கும் குழலில் எடை இரண்டு எடைக்கோடுகளுக்கு நடுவே வந்தால் மேல் கோட்டுக்கே வளையத்தைத் திருகுங்கள். எல்லா மருந்துக்கும் இந்தத் தாராளம் பொருந்தாது: மாக்சிடெக்டின் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்ற அளவில் கொடுக்கப்படுவது, அதன் பாதுகாப்பு எல்லை குறுகியது, உடலின் கொழுப்பில் தங்குவது. எலும்பும் தோலுமான குதிரைக்கும் சிறு குட்டிக்கும் அதைக் கொடுக்கலாகாது.

வெளிநாட்டுக் குழலை யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால் கோடுகள் கிலோவா பவுண்டா என்று பாருங்கள். 300 பவுண்டு என்ற கோட்டை 300 கிலோ என்று எடுத்துக்கொண்டால், குதிரைக்குப் போவது 136 கிலோவுக்கான மருந்து மட்டுமே.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி வீட்டில் மீதம் இருக்கிறது. மட்டக்குதிரைக்கு எடை பார்த்து அதையே போடலாமா? (ஆனைமலை)

வேண்டாம். மாட்டுக்குத் தோலடியில் போடும் அந்த ஊசி, குதிரைக்குப் போட்ட இடத்தில் வீக்கத்தையும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தான கிருமித் தொற்றையும் உண்டாக்கியிருக்கிறது. குதிரைக்கு ஐவர்மெக்டின் வாய்வழியாகக் கொடுக்கும் பசைதான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊற்றும் லெவமிசோலும் குதிரைக்கு ஆகாது. தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

மாட்டுக்கு விற்கும் 1.5 கிராம் ஃபென்பெண்டசோல் மாத்திரையைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் அது 300 கிலோ எடைக்கான அளவு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் குதிரைக்கும் பயன்படும். ஆனால் பொடித்துத் தவிட்டிலும் வெல்லத்திலும் கலந்து வைத்துவிட்டு நாம் திரும்பினால், தவிட்டைத் தின்றுவிட்டுப் பொடியைத் தொட்டியின் அடியில் ஒதுக்கிவைக்கும் சாமர்த்தியம் குதிரைக்கு உண்டு. தொட்டியில் மிஞ்சியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அளந்த எடையால் பயனில்லை.

கடையில் கேட்கும்போது சொல்லிலும் கவனம் தேவை. எல்லைக்கு அப்பால், கேரளத்தில், ‘விர மருந்து’ (புழு மருந்து) என்றால் குழப்பமில்லை. நம் பக்கத்தில் ‘பூச்சி மருந்து’ என்றால் தென்னைக்கு அடிக்கும் மருந்தும் அதே பெயரில்தான் இருக்கிறது. ‘குதிரைக்குக் குடற்புழு நீக்க மருந்து’ என்று முழுதாகக் கேளுங்கள்.

நான்கு மாதக் குட்டிக்கு மருந்து கொடுக்க வேண்டும். தாய்க்குச் சொன்ன கணக்கே குட்டிக்கும் சரிவருமா? (முதலமடை)

சரிவராது. குட்டியின் உடற்கட்டு வேறு என்பதால் மேற்சொன்ன கணக்கு எடையைக் குறைத்துக் காட்டும். பால் மறக்கும் வயதுக் குட்டிக்கு 11,880 க்குப் பதிலாக 10,080 ஆலும், ஒரு வயதுக் குட்டிக்கு 10,840 ஆலும் வகுப்பது நெருங்கிய விடை தரும். சுற்றளவு 108, நீளம் 98 உள்ள குட்டிக்குப் பெரிய குதிரையின் கணக்கு 96 கிலோ என்று சொல்லும். குட்டிக்குரிய கணக்கு 113 கிலோ என்று சொல்லும்.

குட்டிக்கு இந்த வயதில் முதல் எதிரி உருண்டைப்புழு. அதற்கு ஃபென்பெண்டசோலைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது பெரிய குதிரைக்குரியதைப் போல் இரு மடங்கு, கொடுப்பது வழக்கம். நூறு மில்லிக்குப் பத்து கிராம் உள்ள திரவ மருந்தானால் 113 கிலோவுக்கு 11.3 மில்லி. எடையையும் குறைத்து, மில்லிகிராமையும் பெரிய குதிரைக்குரியதாகவே எடுத்துக்கொண்டவர் 5 மில்லிக்கும் குறைவாக ஊற்றியிருப்பார். குட்டி வயிறு உப்பி, மயிர் மங்கி, வளராமல் நின்றிருந்தால் நீங்களாக எதையும் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். ஏராளமான புழுக்கள் ஒரே நேரத்தில் செத்துக் குடலை அடைத்துக்கொள்வதும் உண்டு. எடையையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்க வேண்டும். சென்ற முறை எழுதிவைத்த எண் இரண்டு மாதத்தில் பழையதாகிவிடும்.

ஒன்பது மாதச் சினை. வயிறு பெரிதாக இருப்பதால் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? (மீனாட்சிபுரம்)

வேண்டியதில்லை. நீங்கள் அளப்பது மார்பை; வயிற்றின் பெருக்கம் கணக்கில் வருவதே இல்லை. அதனால் சினையின் கடைசி மாதங்களில் கணக்கு காட்டுவதைவிட உண்மையான எடை சற்று அதிகமாகவே இருக்கும். எந்த மருந்தைச் சினைக்காலத்தில் கொடுக்கலாம் என்பதைப் பெட்டியின் மேல் பார்த்தும் மருத்துவரைக் கேட்டும் முடிவு செய்யுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் கொடுக்கிறேன். இது போதுமா? (வேலந்தாவளம்)

வளர்ந்த குதிரைக்குப் பல வேளைகளில் இது தேவைக்கு அதிகம். புதிதாக விழுந்த இலத்தியின் நடுப்பகுதியிலிருந்து கொஞ்சம் எடுத்து, காற்றுப் புகாத உறையில் போட்டுக் குளிர்ச்சியாக வைத்து, அன்றோ மறுநாளோ ஆய்வகத்தில் கொடுத்து, ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். உடுமலைப்பேட்டையிலும் மண்ணுத்தியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. எண்ணிக்கை 200 க்குள் இருந்தால் குறைவு. 500 ஐத் தாண்டினால் அந்தக் குதிரைதான் உங்கள் மேய்ச்சல் நிலத்தை அசுத்தமாக்குகிறது. மருந்து கொடுத்த பதினான்காம் நாள் மீண்டும் எண்ணிப் பார்த்தால், கொடுத்தது வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும். நாடாப்புழு இந்த எண்ணிக்கையில் பெரும்பாலும் அகப்படாது; அதற்குப் பிரசிகுவாண்டெல் கலந்த மருந்தை எப்போது கொடுப்பது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கொப்பரை லாரி எடைமேடையில் குதிரையை நிறுக்கலாமா? (கோவிந்தாபுரம்)

நிறுக்கலாம். குதிரையோடு லாரியை ஒரு முறையும், குதிரையை இறக்கிவிட்டு ஒரு முறையும் நிறுத்து, வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் டீசல் போடாமலும், ஓட்டுநரும் குதிரைக்காரரும் இரண்டு முறையும் ஒரே இடத்தில் இருக்கும்படியும் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய மேடைகள் பல பத்துப் பத்துக் கிலோவாகவே காட்டும் என்பதால் அந்த அளவுக்கு வித்தியாசம் வரலாம். லாரி ஏறிப் பழகாத குதிரையை இதற்காகவே ஏற்ற வேண்டாம்; சந்தையிலிருந்து கொண்டுவரும் நாளில் வழியில் உள்ள மேடையில் நிறுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கயிற்றாலும் அளந்து, இரண்டு எண்களையும் மருந்துச் சீட்டின் பின்புறம் தேதியோடு எழுதிவையுங்கள்.